துண்டுக்கு அடியில் ராஜாவின் கை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் தேன்மலைச் சீமையை மகரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுதான், ஆனால் காலையில் ஒரு சட்டம், மாலையில் ஒரு சட்டம் போடுவான்.

மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த பரிதிராயர் ஒருநாள் சபையில் எழுந்தார். "மகாராஜா! மாட்டுச் சந்தையில் துண்டால் கையை மூடி, விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். ஏழை ஏமாறுகிறான். இனி மாட்டை அரண்மனைக்குத்தான் விற்க வேண்டும். எந்த மாடானாலும் பத்துப் பொன். நாம் எல்லோருக்கும் சமமாகக் கொடுப்போம்."

"சமமாகவா? பேஷ்!" என்று ராஜா தொடையைத் தட்டினான். மந்திரி அம்பலவாணர் வேண்டாமென்றார், யார் கேட்டது?

அடுத்த சந்தையில் முந்நூறு மாடுகள்! பரிதிராயர் மீசையை முறுக்கினார். அரண்மனை வாங்கிய பிறகு பார்த்தால் அத்தனையும் கிழடு, நொண்டி. நல்ல காளைகள் அடுத்த சீமைக்குப் போய்விட்டன. திருவிழாவன்று ராஜாவின் வண்டியில் பூட்டிய அந்த மாடுகள் நடுத்தெருவில் படுத்துக்கொண்டன. ஊரே சிரித்தது.

ராஜா சட்டத்தைக் கிழித்துப் போட்டான். அப்புறமும் சந்தைக்கு ஒரு கன்றுகூட வரவில்லை. "இன்னைக்குக் கிழிச்சவரு நாளைக்கு வேற எழுதமாட்டாரா?" என்று மாட்டைக் கொல்லையிலேயே கட்டிவிட்டார்கள். உழவுக் காலமோ நெருங்கிவிட்டது.

"மந்திரி! இரண்டு சந்தைக்குள் மாடு வராவிட்டால் உம் பதவி பரிதிராயருக்கு!"

"வரும் மகாராஜா. தங்கள் வலது கையை மட்டும் இரவல் கொடுங்கள்."

மந்திரி தன் பொறுப்பில் சடையன் என்கிற மாட்டு வியாபாரியைக் காளையோடு அழைத்துவந்தார். ஊர் கூடிப் பார்க்க, ராஜாவின் கையும் சடையனின் கையும் ஒரே துண்டுக்குள் போயின. விரலுக்குப் பத்துப் பொன். ராஜா இரண்டு விரலைப் பிடித்தான். சடையன் நான்கைப் பிடித்தான். ராஜா மூன்று.

"கட்டாது சாமி. மாட்டை ஓட்டிக்கிட்டுப் போறேன்."

"ராஜாவிடமே பேரமா? பிடுங்குங்கள் மாட்டை!" என்று பரிதிராயர் கத்தினார். ராஜாவின் கையும் கோபத்தில் வாளுக்குப் போனது.

மந்திரி மெதுவாகச் சொன்னார்: "மகாராஜா, அந்தக் கை இன்னும் என்னிடம் இரவலில் இருக்கிறது."

ராஜா கடகடவென்று சிரித்துவிட்டான். கை மறுபடி துண்டுக்குள் போய் நான்கு விரலைப் பிடித்தது. நாற்பது பொன் அங்கேயே கைமாறியது.

அடுத்த சந்தையில் நிற்க இடமில்லை!

"நான் பேரத்தில் தோற்றதற்கா இத்தனை மாடு?" என்றான் ராஜா.

"தோற்ற பிறகும் பிடுங்காததற்கு, மகாராஜா."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். பிறகு திரும்பினான். "பரிதிராயரே, அந்த முந்நூறு நொண்டி மாடும் இனி உம்முடையது. எல்லாவற்றுக்கும் சமமாகத் தீனி போடும்!"

பரிதிராயர் அன்றைக்கே புல்லுக்கட்டு தேடிப் புறப்பட்டார்.