மதிப்பெண் இலையைத் தின்ற மான்

மூங்கிலடிக் காட்டில் தும்பை என்று ஒரு புள்ளிமான் இருந்தது. ஓட்டத்தில் புலி என்று எல்லோரும் அதைப் புகழ்வார்கள். மானைப் போய்ப் புலி என்பதா என்று தும்பைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்?

கோடை வந்தால் அந்தக் காட்டில் ஓடைகள் எல்லாம் வற்றிவிடும். வற்றாதது ஆனைமடு ஒன்றுதான். ஆனால் நினைத்தவர்கள் நினைத்தபடி அங்கே இறங்க முடியாது. தண்ணீர் இருக்கும் இடத்துக்குச் சிறுத்தையும் வருமல்லவா? அதனால் குடும்பத்துக்கு ஒருவராவது காவல் தேர்வில் தேறியிருக்க வேண்டும். தேறாத குடும்பம் மூன்று மலை தாண்டி ஆற்றுக்குத்தான் போக வேண்டும்.

தும்பையின் குடும்பத்தில் இரண்டே பேர். தும்பையும் அதன் அம்மாவும். அம்மாவுக்குப் பின்னங்கால் ஒன்று முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. ஒரு சின்ன மேடு ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்துவிடும். அது மூன்று மலையை எங்கே தாண்டுவது? ஆகவே தும்பை தேறியே ஆக வேண்டும்.

தேர்வு எல்லா விலங்குக்கும் ஒன்றுதான். ஓட்டம், மோப்பம், பார்வை, செவி என்று நான்கு பாடம். பாடத்துக்கு இருபத்தைந்து மதிப்பெண். மொத்தத்தில் ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. நடத்துவது ஆள்காட்டிக் குருவி. காட்டில் யார் கால் வைத்தாலும் முதலில் கத்துகிறவர் அவர்தானே! தேர்வு முடிந்த மூன்றாம் நாள், ஆளுக்கொரு தேக்கிலையில் மதிப்பெண்ணைக் கீறிக் கொடுத்துவிடுவார்.

மாசி மாதம் தேர்வு நடந்தது. தும்பை தன் இலையை வாங்கியது. மேலே பெரிதாக நாற்பத்தொன்று என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னும் என்னென்னவோ கீறியிருந்தது. தும்பைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்ததால் எதையும் பார்க்கவில்லை.

பக்கத்தில் நின்ற முயல் எட்டிப் பார்த்துவிட்டது.

"அடடா! உடம்பெல்லாம் புள்ளி! இலையில மட்டும் புள்ளியக் காணோமே!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தும்பையை அவமானம் பிடுங்கித் தின்றது. இலையை யார் கண்ணிலும் காட்டக் கூடாது. மானுக்கு வேறென்ன தெரியும்? இலையை அப்படியே வாயில் போட்டு, மென்று விழுங்கிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் அம்மா ஆவலாகக் கேட்டது.

"என்ன கண்ணு, மார்க் வந்துருச்சா?"

"இன்னும் வரலம்மா!"

அந்தப் பொய்க்கு அரை நாள்தான் ஆயுள். சாயங்காலமே பன்றியம்மாள் அசைந்து அசைந்து வந்து சேர்ந்தாள்.

"எங்க பையன் எழுபத்து மூணுங்க! படிக்கவே இல்ல, சேத்துலயே கெடந்தான். எப்படித்தான் எடுத்தானோ! உங்க பொண்ணு எவ்வளவு?"

அம்மா தும்பையைப் பார்த்தது. தும்பை தரையைப் பார்த்தது. பன்றியம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வந்த வேலை முடிந்ததென்று கிளம்பிப் போனாள்.

"நாப்பத்தொண்ணும்மா," என்று சொல்லிவிட்டுத் தும்பை அழுதது.

அம்மா திட்டவில்லை. "சரி, விடு. பங்குனிக் கடைசியில மறுதேர்வு இருக்குல்ல? ஒம்பது மார்க்குதானே வேணும்? எழுதிரலாம்," என்று சொல்லிக் கழுத்தை நக்கிக் கொடுத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் போல இருந்தது தும்பைக்கு.

இரண்டு நாள் தும்பை புதரை விட்டு வெளியே வரவில்லை. புல்லைத் தொடவில்லை. தான் எதற்கும் உதவாத மான் என்று நினைத்து நினைத்துப் புழுங்கியது. மூன்றாம் நாள், சிநேகிதி பொம்மி தேடிக்கொண்டு வந்தது. பொம்மி ஒரு மந்தி. மரத்தின் மேல் அது, மரத்தடியில் தும்பை என்று இரண்டும் குட்டியிலிருந்தே பழக்கம்.

"ஏண்டி, எந்தப் பாடத்துல மார்க் போச்சு?"

"தெரியல."

"தெரியலையா? இலையக் கொண்டா, பாப்போம்!"

"தின்னுட்டேன்."

பொம்மிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தும்பையின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டது.

"சரி, தின்னது தின்னாச்சு. ஆள்காட்டியக்காகிட்டப் போய்க் கேளு. எல்லாருக்கும் எவ்வளவு போட்டோம்னு அவங்களுக்கு மனப்பாடம்!"

"அவங்க மூஞ்சியில எப்படிடி முழிப்பேன்? மாட்டேன்!"

"அப்ப எதைப் படிப்பே?"

"ஓடுவேன். இன்னும் நல்லா ஓடுவேன்!"

பொம்மி எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. தும்பையின் காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து விடிந்தால் ஓட்டம், பொழுது சாய்ந்தால் ஓட்டம். ஓடும்போது மட்டும் அந்த நாற்பத்தொன்று மறந்திருந்தது. முயலின் சிரிப்பும் கேட்காமல் இருந்தது. குளம்பு தேய்ந்தது, விலா எலும்பு தெரிந்தது. "பாவம், என்னமா உழைக்குது!" என்று காடே பேசியது.

பங்குனி வெயிலில் ஓடைகள் ஒவ்வொன்றாக வற்றின. அம்மா சேற்றை நக்கி நாளை ஓட்டியது.

மறுதேர்வு வந்தது. ஓட்டப் பாடத்தில் தும்பை பறந்தது. மற்ற மூன்றுக்கும் உட்கார்ந்தபோது பழையபடி பயம் பிடித்துக்கொண்டது. பயந்தால் அதற்கு வாய் தானாக அசைபோட ஆரம்பித்துவிடும்.

மூன்றாம் நாள் இலை கைக்கு வந்தது. நாற்பத்திரண்டு.

ஒரு மாதம் ஓடிய ஓட்டத்துக்கு ஒரே ஒரு மதிப்பெண்! இந்த முறை தும்பைக்கு அழக்கூடத் தெம்பில்லை. இலையை வெறித்துக்கொண்டு நின்றது. நின்றதால், கீழே இருந்ததெல்லாம் கண்ணில் பட்டது. ஓட்டம் இருபத்தைந்து. மோப்பம் எட்டு. பார்வை ஏழு. செவி இரண்டு. அதற்கும் கீழே ஒரு வரி: "கேட்கும்போது அசைபோடாதே. நீ மெல்லுகிற சத்தத்தில் உனக்கு எதுவும் கேட்கவில்லை."

தும்பை ஆள்காட்டியிடம் ஓடியது.

"அக்கா! இதைப் போன தடவையே சொல்லியிருக்கக் கூடாதா?"

"போன தடவையும் இதேதானே எழுதினேன்! நீ படிக்கலையா?"

தும்பை குருவியின் முன்னால் மண்டியிட்டது.

"இப்பவே இன்னொரு தடவை வைங்கக்கா! வாயை மூடிக்கிட்டுக் கேக்குறேன்! எங்கம்மாவால மலை ஏற முடியாதுங்க!"

ஆள்காட்டி இரக்கத்தோடு சொன்னார்: "அடுத்தது மழைக்கு அப்புறம்தான், தாயி. உனக்காக இப்ப வெச்சா, தேறாத அத்தனை பேருக்கும் வைக்கணும். அதுக்குள்ள கோடையே முடிஞ்சுரும். தேர்வே இல்லாம விட்டா, காது கேக்காத காவலை நம்பி மடுவுல இறங்குற குட்டிகளை நான் யாருக்குப் பலி கொடுக்கறது?"

வேறு வழியில்லை. தும்பையும் அம்மாவும் ஆற்றுக்குக் கிளம்பினார்கள். முதல் மலையில் பாதி ஏறுவதற்கே இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலையில் அம்மா ஒரு வேங்கை மரத்தடியில் உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

"அந்த இலையில என்ன இருந்துச்சு கண்ணு? முழுசாச் சொல்லு."

தும்பை ஒன்று விடாமல் சொன்னது. முதல் இலையைத் தின்றதையும் சொன்னது.

"அவ்வளவுதானா?" என்றது அம்மா. "இது ஒரு வாரத்துல திருத்திக்கிற விஷயம்தானே!" பிறகு மூச்சு வாங்கியபடி, "நீ போய்க் குடிச்சுட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்," என்றது.

தும்பை ஓடியது. மிச்ச மலைகளை ஒரே மூச்சில் தாண்டியது. ஆற்றில் வாய் நிறையத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஒரு சொட்டும் விழுங்காமல் திரும்பி ஓடியது. மூங்கிலடிக் காட்டில் அப்படி ஓடியவர் யாருமில்லை. வேங்கை மரத்தடிக்கு வந்து அம்மாவின் வாயருகே குனிந்தது. அம்மாவின் வாய் திறக்கவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது.

மழை வந்தது. ஐப்பசித் தேர்வில் தும்பை வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தது. எல்லா ஒலியும் தெளிவாகக் கேட்டது. செவியில் மட்டும் இருபத்தொன்று. மொத்தம் அறுபத்தொன்று.

"தேறிட்டே தும்பை!" என்று ஆள்காட்டி மகிழ்ச்சியாகக் கத்தினார். "இனி உன் குடும்பத்தை ஆனைமடுவுக்குக் கூட்டிட்டு வரலாம்! எத்தனை பேர்?"

"யாரும் இல்லைங்கக்கா," என்றது தும்பை.

தோற்ற தேர்வை மறுபடி எழுதக் கிளம்புகிறவர்கள், எதில் தோற்றோம் என்பதை முதலில் வெட்கப்படாமல் முழுசாகப் பார்த்துவிட வேண்டும்.