கறையான் கண்ணை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில், அதாவது கறையானுக்குக் கண் இருந்த காலத்தில், அதுகள் பட்டப்பகலில் நடுப்பாதையில் வரிசை கட்டிப் போகும். எதிரே யார் வந்தாலும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கும். எள்ளில் பாதி உடம்பு, அதில் கடுகளவு கண். எப்படிப் பொருந்தியது என்று என்னைக் கேட்காதீர்கள். பொருந்தியது.

கொன்றைமரத்துக்குக் கீழே அதுகளின் புற்று. எச்சிலும் மண்ணுமாகக் குழைத்துத் தலைமுறை தலைமுறையாக எழுப்பியது. நடு அறையில் அம்மா படுத்திருப்பாள். பூசணிப்பிஞ்சு மாதிரி உடம்பு, நடக்க முடியாது. அவளைச் சுற்றி முட்டைகள். அவள் இருந்தால் கறையான் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பக்கத்துப் பாறையிடுக்கில் கருநாகம் குடியிருந்தது. காடே அதைப் ‘பெரியண்ணன்’ என்றுதான் கூப்பிடும். ஆசையால் இல்லை, பயத்தால்.

ஒருநாள் காலையில் புற்று வாசலைக் கூட்ட வந்தாள் பொடிச்சி என்கிற கறையான். பார்த்தால், வாசலுக்குள் ஒரு வால்.

“பெரியண்ணே, உங்க வாலு எங்க வீட்டுக்குள்ள கிடக்கு.”

“அதுவா? சும்மா காத்து வாங்குது.”

மத்தியானம் பாதி உடம்பு உள்ளே போயிருந்தது.

“அண்ணே, இது என்னண்ணே?”

“பயிற்சி.”

சாயங்காலம் தலை மட்டும்தான் வெளியே. வழியில் இருந்த சுவரெல்லாம் நொறுங்கி, புற்றின் உச்சி உடைந்து வானம் தெரிந்தது.

“அண்ணே, இது எங்க வீடு!”

“நான் எங்கே வீட்டைக் கேட்டேன்? உள்ளே என் வால் தனியா மாட்டிக்கிட்டுக் கிடக்கு. அதைக் காப்பாத்தத்தானே போறேன்” என்று சொல்லித் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

அம்மா நடு அறையில். அவள் அறைவாசலில் பாம்பின் சுருள். ஐப்பசி மாதம் வேறு. கிழக்கே மேகம் எருமைக்கூட்டம் போல ஏறிக்கொண்டிருந்தது. உடைந்த உச்சி வழியாக மழை இறங்கினால் அம்மாவும் முட்டைகளும் அங்கேயே ஊறிச் செத்துப்போகும். வெளியே தப்பி வந்த கறையான்களுக்கு ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. மேகத்தைப் பார்க்கும், புற்றைப் பார்க்கும், மறுபடி மேகத்தைப் பார்க்கும்.

பொடிச்சி ஓடிப்போய்க் காட்டைக் கூட்டினாள். காடும் கூடியது. அதில் குறை சொல்லக் கூடாது.

மயில் தலைமை தாங்கியது. தோகையை ஒதுக்கி உட்காரவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு, “பாம்பு செய்தது அநியாயம். வன்மையாகக் கண்டிக்கிறோம்” என்றது. பொடிச்சிக்கு உயிர் வந்தது.

எலி எழுந்தது. “தலைவரே, உங்களுக்கு மரத்து மேலே வீடு. என் வளை பாம்புக்கு அடுத்த வாசல். ‘கண்டிக்கிறோம்’னா அது காதுல விழும். ‘வருந்துகிறோம்’னு வெச்சுக்கலாமே?”

“வருந்தினா, நாம ஒரு பக்கம் சேர்ந்துட்டோம்னு ஆயிடும்” என்றது தவளை. அது கரையிலும் இருக்கும், தண்ணீரிலும் இருக்கும். “‘கவலைப்படுகிறோம்’னு சொன்னா யாருக்கும் நோகாது.”

“யாருக்காகக் கவலைன்னு பாம்பு கேட்டா?”

அதுவும் சரிதான் என்று மறுபடி யோசித்தார்கள். கடைசியில் ‘உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருக்கிறோம்’ என்ற இடத்தில் வந்து நின்றது. எல்லாருக்கும் திருப்தி. பாறையில் ஒட்டியிருந்த பல்லி மட்டும் ‘த்சு த்சு’ என்று உச்சுக்கொட்டியது. அதற்கப்புறம் அது வேறு வார்த்தை எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

“கவனிக்கிறது இருக்கட்டும் சாமிகளா, மேகத்தைக் கவனிங்க” என்று பொடிச்சி கத்தினாள். “கீரியண்ணே! நீங்க ஒரு எட்டு வந்தாப் போதுமே, அது ஓடிருமே!”

கீரி மீசையைத் தடவியது. “நானும் அதுவும் மோதினா இந்தக் காடு தாங்குமா, தங்கச்சி? அதனால நான் வரமாட்டேன். ஆனா கைவிடவும் மாட்டேன். என் விழுந்த பல் ஒண்ணு இருக்கு, தர்றேன். கடிக்கிறதை நீங்க கடிச்சுக்குங்க.”

அந்தப் பல்லைத் தூக்க ஒரு தெருவே திரண்டு வர வேண்டியிருந்தது. தூக்கிக்கொண்டு பாதி வழி வருவதற்குள் நசுங்கியவர்களே அதிகம்.

“நானும் சும்மா இல்லை” என்றது மயில். “பாம்பு திருந்தும்வரை அதன் முன்னால் தோகை விரிக்க மாட்டேன்.”

“நாங்களும் இனிமே பாம்புக்கு இரையா போக மாட்டோம்” என்றது தவளை.

“இதுவரைக்கும் இஷ்டப்பட்டா போனீங்க?” என்றாள் பொடிச்சி.

பேசிக்கொண்டிருக்கும்போதே ‘சொட்’ என்று பாறையில் ஒரு துளி விழுந்தது. கூட்டம் கலைந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! “அடுத்த கூட்டத்தில் பேசுவோம்” என்று மயில் பறந்தபடியே சொன்னது.

மழை பிடித்துக்கொண்டது. கறையான்கள் புற்றின் பின்பக்கம் ஓடி, தாங்கள் கட்டிய சுவரைத் தாங்களே கடித்தன. முன்னோர் எச்சில் காய்ந்து கல்லாகிப்போன சுவர். பல் தேய்ந்து, வாய் கிழிந்து, ஒருவழியாகத் துளை போட்டபோது முட்டைகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றை விட்டுவிட்டு அம்மாவை மட்டும் இழுத்து வெளியே போட்டன. பாம்பு புரண்டுகூடப் படுக்கவில்லை.

அப்போதெல்லாம் வளைக்கும் பொந்துக்கும் பலகைக் கதவு உண்டு, தாழ்ப்பாளோடு. கொட்டுகிற மழையில் அம்மாவைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். மயில், கிளை முறியும் என்றது. கீரி, பல் கொடுத்தாயிற்றே என்றது. தவளை குரலே கொடுக்கவில்லை. ஊரெல்லாம் கேட்க அது கத்துகிற மழைநாள்தான் அன்று.

கடைசியில் எலிவளை.

“எலியண்ணே, நாங்க நனைஞ்சாலும் பரவாயில்லை. அம்மாவை மட்டும் உள்ளே விடுங்கண்ணே. உடம்பு சில்லிட்டுப் போயிட்டிருக்கு.”

“தப்பா நினைக்காதே பொடிச்சி. உங்களை உள்ளே விட்டா, பாம்பு உங்களைத் தேடி இங்கே வரும். நியாயம் உங்க பக்கம்தான், நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். இப்பவும் பாரு, உங்களைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்.”

உண்மைதான். கதவிடுக்கில் எலியின் கண் ஒன்று தெரிந்தது. ஈரமாகக்கூட இருந்தது.

பொடிச்சி அந்தக் கண்ணையே பார்த்தாள்.

“பார்த்தது போதும்ணே. இனி உங்க யார் முகத்திலேயும் முழிக்க மாட்டோம்.”

கோபத்தில் எல்லாரும் சொல்வதுதான் இது. நாமும் சம்பந்தி வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு, அடுத்த தீபாவளிக்கு அதே வாசலில் பலகாரத்தட்டோடு போய் நிற்கிறோம். ஆனால் கறையானுக்கு வார்த்தை என்றால் வார்த்தை. பொடிச்சி கண்ணை இறுக மூடினாள். அவளைப் பார்த்து அத்தனை கறையானும் மூடின. மூடியபடியே ஈரமண்ணைக் குழைத்து அம்மாவின் மேல் கூரையாக இழுத்தன. இழுத்துக்கொண்டே நகர்ந்தபோது எலிவளையின் கதவு வாய்க்குத் தட்டுப்பட்டது. அதுவரை சருகும் புல்லும் தின்ற வாய். கடித்துப் பார்த்தது, மெத்தென்று இருந்தது.

மழை விட்டதும், அதுகள் போய்விட்டனவா என்று பார்க்க எலி தாழ்ப்பாளை இழுத்தது. தாழ்ப்பாள் மட்டும் கையோடு வந்தது. கதவு மாவாக உதிர்ந்தது. நிலைப்பலகைக்குள் அம்மா சுகமாகப் படுத்து முட்டையிட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்து நான்கு திசைக்கும் மண்கோடுகள் கிளம்பிப் போயிருந்தன: கீரி வீட்டுக்கு ஒன்று, மயிலின் மரத்துக்கு ஒன்று.

பழைய புற்றில் இன்றும் பாம்புதான் இருக்கிறது. அதைப் பாம்புப்புற்று என்றுதான் காடு சொல்கிறது, நாமும் சொல்கிறோம்.

அன்று முதல்தான் கறையானுக்குக் கண் கிடையாது; எங்கே போனாலும் மண்ணைப் போர்த்திக்கொண்டே போகிறது; யார் வீட்டுக்கு வந்தாலும் கதவைத் தட்டுவதில்லை.