கரைக்கு வராத ஓட்டு

ஒரே ஒரு கரையிலே ஒரே ஒரு குப்பமாம். அங்கே பஞ்சாயத்துத் தலைவர் பதவியையே ஏலம் விட்டார்களாம். கோயிலுக்குக் கோபுரம் கட்டித் தருவதாகச் சொல்லி விசைப்படகு முதலாளி வைரக்கண்ணு ஏலம் எடுத்துவிட்டார். எதிர்த்து வேட்புமனு போட்டிருந்தவள், கூடை சுமந்து மீன் விற்கிற அஞ்சம்மாள் ஒருத்திதான்.

கோயில் முன்னால் கூடிய ஊர்க்கூட்டத்தில் முதலாளி மீசையைத் தடவினார். “மனுவை வாபஸ் வாங்கு. ஊர் ஓட்டு மொத்தத்தையும் நான் எடுத்தாச்சு. இல்லேன்னா நாளைக்கு இந்தக் கரையில உனக்கு மீன் கிடையாது.”

“சரிங்க முதலாளி. மீனுக்குச் சொந்தக்காரன் தலையாட்டாம நம்ம கரையில ஏலம் முடியுமா?”

“அதெப்படி முடியும்?”

“என் ஓட்டுக்கு நான் எப்ப தலையாட்டினேன்?”

முதலாளி மீசையிலிருந்து கையை எடுத்தார்.

“கேக்காம அடுத்தவன் மீனை எடுத்தவனைப் போன மாசம் என்னன்னு திட்டினீங்க?”

“திருட்டுப் பயலேன்னார்,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“அப்ப நான் கட்டப்போற கோபுரம்?” என்றார் முதலாளி, குரல் இறங்கி.

“அது சாமிக்குத்தானே? சாமிகிட்டயே ஓட்டு கேளுங்க.”

கூட்டம் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து, தேர்தல் அன்றைக்குப் பார்ப்போம் என்று சொல்லிப் போனார்கள். அஞ்சம்மாளும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். கோயில் வாசலில் சிறிது நேரம் நின்றுவிட்டு, கடைசியாக முதலாளியும் நடையைக் கட்டினார்.