இலைக்கும் ஒரு அகப்பை

மரங்கள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில் இலைகள் உதிர்ந்ததே கிடையாது. துளிர்த்த இலை மரம் சாயும்வரை கிளையில்தான் இருக்கும். ஆனால் எந்த இலைக்கும் மணம் இல்லை. வேப்பிலையைக் கசக்கினாலும் எலுமிச்சை இலையைக் கிள்ளினாலும் வெறும் பச்சைத் தண்ணீர்தான் வரும்.

மணமெல்லாம் மண்ணுக்கடியில் ஊறிக் கிடந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, மாசிப் பனி விலகும் காலையில், காற்று அதைப் பானையில் முகந்து வந்து காட்டுக்கு விருந்து வைக்கும். முதல் பந்தி பூக்களுக்கு. அடுத்தது பழங்களுக்கு. பிறகு பட்டைக்கும் வேருக்கும். இலைகளுக்கு எந்தப் பந்தியிலும் இடமில்லை. அவற்றின் முதுகில்தான் பந்தியே நடந்தது! இலை விரிந்து படுக்க வேண்டும். காற்று மணத்தை ஊற்றும். பூக்கள் வழித்துத் தின்னும். தின்று முடித்ததும் காற்று ஒரே வீச்சில் துடைத்துவிட்டுப் போகும். ஆண்டு முழுக்க வெயிலில் நின்று அந்தக் காட்டுக்குச் சோறு சமைத்தவை இலைகள்தான். அதை யாரும் பேசுவதில்லை.

வாதுமை மரத்தின் கீழ்க்கிளையில் அகன்ற இலை ஒருத்தி இருந்தாள். மற்ற இலைகள் அவளைப் பேரிலை என்றன. விருந்தின் முதல் அகப்பை அவள் முதுகில்தான் விழும். அது விழும்போதெல்லாம் நரம்பு நரம்பாகச் சிலிர்க்கும். துடைத்தபின் ஈரம்கூட மிஞ்சாது. நூறு விருந்துகளை அப்படித்தான் கழித்திருந்தாள்.

அந்த ஆண்டு காற்று அகப்பையோடு வந்து நின்றபோது பேரிலை விரியவில்லை.

"என்ன பேரிலை, முதுகு பிடிச்சுக்கிச்சா?" என்றது காற்று.

"எனக்கும் ஒரு அகப்பை வேணும்."

காடே கொல்லென்று சிரித்தது. பக்கத்து மரத்து மகிழம்பூ, "அட, தட்டுக்குப் பசிக்குதாம்! சீக்கிரம் விரியச் சொல்லு காத்தண்ணே, எனக்கு வயிறு ஒட்டிப்போச்சு" என்றது.

"சமைக்கிறது நாங்க. எங்க முதுகுல வெச்சுத்தான் திங்குறீங்க. ஒரு வாய் கேட்டா சிரிப்பா வருது?" என்றாள் பேரிலை.

காற்றின் குரல் மாறியது. "ஒரு உலுக்கு உலுக்குனா கீழ போயிடுவே. அறுந்த காம்பு மறுபடி ஒட்டாது, தெரியும்ல?"

அருகில் இருந்த வேப்பிலை நடுங்கியது. "விட்டுடு அக்கா. இருக்கிற இடமாவது மிஞ்சட்டும்."

பேரிலை கீழே பார்த்தாள். தரை வெகுதூரத்தில் இருந்தது. காம்பிலிருந்து கோபம் ஏற ஏற, பச்சை உடம்பு மஞ்சளாகி, பிறகு ரத்தமாய்ச் சிவந்தது. இலை சிவந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. அந்தக் கணத்தில்தான் அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. காற்றிடம் இருப்பது இந்த ஒரே மிரட்டல்! விழப் பயப்படாத இலையை அது என்ன செய்துவிடும்?

"ஊத்து" என்று விரிந்தாள்.

காற்று இளித்துக்கொண்டே முதல் அகப்பையை ஊற்றியது. மகிழம்பூ ஆவலாகக் குனிந்தது.

"உலுக்குற சிரமம் உனக்கு வேண்டாம்!" என்ற பேரிலை, காம்பைத் தானே விட்டாள்.

மணத்தை மார்போடு சுருட்டிக்கொண்டு சுழன்று சுழன்று இறங்கினாள். பாதி வழி வரை பயம்தான். அதன்பின் சிரிப்பு பீறிட்டது. "அடியே, நான் விழலடி, பறக்குறேன்!"

"அக்கா, நானும் வர்றேன்!" என்று வேப்பிலை குதித்தது. அதன் பின்னால் புங்கிலை, இலுப்பை இலை, வாகை இலை! கிளைக்குக் கிளை கூவிக்கொண்டு இலைகள் மழையாய்க் கொட்டின. ஒரே காலையில் காடு மொட்டையானது.

மாவிலை மட்டும் கிளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. "எனக்குக் குடும்பம் இருக்கு" என்றது. மற்ற இலைகளுக்கெல்லாம் இல்லாததுபோல.

மாவிலைகளை வைத்து ஒரு மரத்துக்குப் பரிமாறலாம், காட்டுக்குப் பரிமாற முடியுமா? வெட்டவெளியில் ஊற்றிய மணம் கரைந்து காணாமல் போனது. பூக்கள் பசியில் அழுதன. மூன்றாம் நாள் காற்று வாழ்நாளில் முதல்முறையாகத் தரையில் தவழ்ந்து வந்தது.

"மேல வா பேரிலை. உனக்கு ரெண்டு அகப்பையா ஊத்துறேன்."

"அறுந்த காம்பு ஒட்டாதுன்னு நீதானே சொன்னே? எனக்கு வேண்டாம். இனிமே துளிர்க்கிறவங்களுக்கு ஊத்து. அவங்க குடிச்சது போகத்தான் பூவுக்கு. முதுகுல ஊத்தாதே, உள்ள ஊத்து. உன் கை துடைக்க முடியாத இடத்துல."

"சரி" என்றது காற்று, பல்லைக் கடித்தபடி.

"அடுத்த வருஷம் நீ மறந்துடுவே, உன்னைத் தெரியாதா? அதனால நாங்க வருஷா வருஷம் விழுந்து ஞாபகப்படுத்துவோம்."

மொட்டைக் கிளைகளில் துளிர்கள் வெடித்தன. முதல் அகப்பையை அவை குடித்தன. அந்த வரிசையில் எல்லோருக்கும் முன்னால் நின்றது யார் தெரியுமா? மாவிலை! வாசல்தோறும் தோரணமாகத் தொங்கும் மரியாதையும் இன்று அதற்குத்தான். போகட்டும்.

பேரிலை தரையில் காய்ந்து சருகானாள். கோடையின் முதல் மழை மேலே விழுந்ததும், மார்போடு அணைத்திருந்த மணம் அவிழ்ந்து காட்டையே நிறைத்தது. மகிழம்பூ குனிந்து குனிந்து தேடியது, யாரிடமிருந்து வருகிறது என்று.

அந்த மாசியிலிருந்துதான் வாதுமை இலை சிவந்த பிறகே விழுகிறது; தடவிக் கொடுத்தால் தராத மணத்தை இலைகள் கசக்கினால் தருகின்றன. நனைந்த சருகும் மணக்கிறது. அந்த ஒரு அகப்பையை எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று, காற்று இன்றும் சருகுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.