தோல் அள்ளும் தொட்டி

கருந்திராட்சையைத் தோலோட பத்து நாள் நொதிக்க விட்டாத்தான் ஷிராஸ் ஒயினுக்கு அந்த அடர்சிவப்பு வரும். ஒயினை வடிச்சதும் அடியில தங்குற தோலை ஆள் இறங்கித்தான் அள்ளணும். அப்படி இறங்கின ஒச்சப்பன் போன மாசம் தொட்டிக்குள்ளயே செத்துப்போனார். குடிபோதையில விழுந்தார்னு முதலாளி போலீசுக்கு எழுதிக் கொடுத்துட்டார். ஒச்சப்பன் ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்லை.

இன்னைக்கு முதலாளி தொட்டிகளுக்குப் பக்கத்துலயே விருந்தாளிகளுக்கு ஒயின் ஊத்திக் கொடுத்துக்கிட்டிருந்தார். “முதல்ல நாவல்பழம், அப்புறம் லேசா மிளகுக் காரம். தெரியுதா?”

ஒச்சப்பன் பெண்டாட்டி காமுத்தாய் வந்து நின்னாள். “ஐயா, அவர் குடிக்கலை. எழுதினதை மாத்திக் கொடுங்க.”

“குடிக்கலைன்னு நீ நிரூபி, மாத்துறேன்.” எரிச்ச பிணத்தை வச்சு என்னத்தை நிரூபிக்க?

அவள் வாளியை எடுத்தாள். ஒச்சப்பன் செத்த, காலையில மறுபடி வடிச்ச அதே தொட்டியில ஏணி வழியா ஏறி, உள்ளே ஒரு காலைப் போட்டாள்.

முதலாளி பதறி ஓடிவந்தார். “ஏய், இறங்காதே. உள்ளே நொதிச்ச கேஸ் நிக்குது, மூச்சடைச்சுச் செத்துருவே.”

“நான் குடிக்கலையே ஐயா.”

விருந்தாளிகள் கிளாஸைக் கீழே வச்சுட்டாங்க. முதலாளி அங்கேயே வேற காகிதம் எழுதினார்.

எழுதி முடிச்சும் காமுத்தாய் ஏணியை விட்டுக் கீழே வரலை. புருஷன் கடைசியா நின்ன இடத்தையே குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தாள்.