வெள்ளை ஸ்வெட்டர்

“திரையில இருக்கிற நிறம் தாள்ல ஏன் வரமாட்டேங்குது, தாயி?”

கேட்டவர் காளிராஜன். அறுபத்திரண்டு வயது. சாத்தூரில் ஸ்டுடியோ வைத்து, முப்பது வருடம் பிறர் கல்யாணங்களைப் படமும் வீடியோவும் எடுத்தவர்.

பதில் சொல்ல வேண்டியவள் ஜெயராணி. அவர் வயதில் பாதி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நிறம் திருத்துகிறவள்.

இருபது நாளாக அவர் பஸ் ஏறி வந்து அவளிடம் பாடம் கேட்கிறார்.

ஜெயராணி கம்ப்யூட்டர் திரையை அணைத்தாள்.

“இப்ப உங்க நிறம் எங்க, அண்ணாச்சி?”

“போயிருச்சு.”

அவர் கையிலிருந்த அச்சுத்தாளைக் காட்டினாள். “இது?”

“இருக்கு.”

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். விளக்கையும் அணைத்தாள்.

“இப்ப?”

“இதுவும் போயிருச்சு.”

“திரைக்குச் சொந்த விளக்கு. தாளுக்கு ஊரார் வெளிச்சம். அதுல வெளிச்சம் சேரச் சேர வெள்ளையாகும். இதுல மை ஏற ஏறக் கறுத்துப்போகும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னா எப்படி?”

இருட்டில் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கண்ணுக்கு இதமாக இருந்தது.

“ஜன்னலைத் திற தாயி. இன்னும் பத்து நாள்தான் இருக்கு.”

பத்தாம் நாள் அவர் மனைவி வேலுத்தாயின் முதலாமாண்டு நினைவு. நினைவு அட்டையில் அவள் முகம் வர வேண்டும்.

மேஜைமேல் மூன்று மாதிரித் தாள்கள் கிடந்தன. ஒன்றில் வேலுத்தாய்க்கு மஞ்சள் காமாலை. ஒன்றில் வெயிலில் நிறுத்தி வைத்தவள் போலச் சிவந்திருந்தாள். மூன்றாவதில் முகமெல்லாம் சுண்ணாம்பு.

“இதுல எது அக்கா?”

“எதுவும் இல்லை.”

“அப்ப எப்படி இருப்பாங்க?”

காளிராஜன் மூன்று தாள்களையும் தள்ளிவைத்தார்.

“முகம் ஞாபகத்துல இருக்கு தாயி. நிறம் இல்லை.”

“வேற படம்?”

“எல்லாமே நான் வெளுத்ததுதான். வர்றவன் பூரா ‘கொஞ்சம் வெளுப்பாக்குங்க அண்ணாச்சி’ம்பான். கை பழகிப்போச்சு. வீட்டுப் படத்தையும் விடலை. அசலையும் வச்சுக்கலை. அவ ஒவ்வொரு தடவையும் படத்தைக் கையில வாங்கி, ‘யாருங்க இவ?’ன்னு கேப்பா. நான் சிரிப்பேன்.”

“அவங்க?”

“முதல்ல சிரிச்சா.”

வெளியே இயந்திரம் தாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“நீயே ஒரு நிறம் சொல்லு. எந்த மை எத்தனை சதவீதம்? எழுதிக்கிறேன்.”

“நான் அக்காவைப் பார்த்ததே இல்லையே.”

அவள் படத்தைப் பார்த்தாள். கொடைக்கானல் ஏரிக்கரை. வேலுத்தாய் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, குளிருக்குத் தோளைச் சுருக்கி நிற்கிறாள்.

“இந்தப் படத்துல உள்ளது எதாவது இன்னும் உங்க வீட்ல இருக்கா?”

“ஏரியா?”

“ஏரியை விடுங்க.”

“ஸ்வெட்டர் இருக்கு. வெள்ளை ஸ்வெட்டர். அங்கேயே நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.”

“வெள்ளையா?”

“பால் வெள்ளை.”

“எடுத்துட்டு வாங்க.”

“முகத்துக்கு வழி கேட்டா ஸ்வெட்டரைக் கேக்கிறியே. இது என்ன டெய்லர் கடையா?”

“எடுத்துட்டு வாங்க, அண்ணாச்சி.”

மறுநாள் காலை வந்தார். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெகுநேரம் அதைப் பிரிக்கவில்லை.

ஜெயராணிதான் பிரித்தாள். அந்துருண்டை வாசனை வந்தது.

ஸ்வெட்டர் சாம்பல் நிறத்தில் இருந்தது.

“பீரோவைக் கவுத்துத் தேடிட்டேன்,” என்றார் காளிராஜன். “இது ஒண்ணுதான் தாயி. நான் வெளுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து வெள்ளைன்னே நினைச்சிட்டேன்.”

ஜெயராணி ஒரு துண்டுக் காகிதம் கிழித்து, திரையில் வேலுத்தாயின் முகத்தின்மேல் ஒட்டினாள்.

“தாள்ல இருக்கிற ஸ்வெட்டரும் மடியில இருக்கிற ஸ்வெட்டரும் ஒண்ணாகணும். அதை மட்டும் பாருங்க.”

“முகம்?”

“முழுப் படத்தையும் சேர்த்துத்தானே வெளுத்தீங்க?”

“ஆமா.”

“வெளுப்பையும் சேர்த்தே இறக்குங்க.”

அவர் இறக்கினார். தாள் வந்தது. ஜெயராணி முகத்தை உள்ளங்கையால் மூடி ஜன்னலுக்கு எடுத்துப்போனாள். ஸ்வெட்டரில் நீலம் பாய்ந்திருந்தது.

மறுபடி இறக்கினார். மறுபடி தாள். மறுபடி உள்ளங்கை. பச்சை.

அவருடைய மத்தியானச் சோறு தூக்குவாளியிலேயே ஆறியது. கண்ணில் நீர் வடிந்தது. திரையைப் பார்த்துப் பார்த்து வந்த நீர்தான்.

“போதும் தாயி. எனக்கு முடியலை.”

“இன்னும் ஒண்ணு.”

ஏழாவது தாளை ஜன்னலோரம் ஸ்வெட்டரின்மேல் விரித்தார்கள். தாள் எங்கே முடிகிறது, கம்பளி எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவினால்தான் தெரிந்தது.

ஜெயராணி முகத்தின்மேலிருந்த கையை எடுத்தாள்.

கறுத்த முகம். உதட்டோரம் குளிரில் வெடித்திருந்தது. தாளிலிருந்து வேலுத்தாய் கொஞ்சம் கோபமாகத்தான் பார்த்தாள்.

“வெளுக்கணுமா, அண்ணாச்சி?”

காளிராஜன் ஸ்வெட்டரை எடுத்து, கை இரண்டையும் உள்ளே மடித்து, பையில் வைத்தார்.

“இனிமே ‘யாருங்க இவ?’ன்னு கேக்க மாட்டா,” என்றார்.