தவசிலிங்கத்தின் அண்ணன்

சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

சீடர் வைரவநாதன், பட்டிமன்ற நடுவர். அவர் மைக்கைப் பிடித்தால் மதுரையே கைதட்டும். குரு ஹசீனா, கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பிற்பகல்களில் ஆஸ்பத்திரிக்கு வந்து, ஐசியூ வாசலில் காத்திருப்பவர்களுக்குத் துணையாக இருப்பார். சம்பளம் கிடையாது. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்திருந்தார் வைரவநாதன்.

“இவங்ககிட்ட என்ன பேசணும் மேடம்?”

ஹசீனா ஓரத்து நாற்காலியைக் காட்டினார். பாண்டியம்மா. கணவர் தவசிலிங்கம் உள்ளே, தொண்டையில் குழாயோடு. நேற்றிலிருந்து பாண்டியம்மாவுக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

“சாப்பிட வைங்க, பாப்போம்.”

வைரவநாதன் போனார். நம்பிக்கை, தைரியம் என்று அழகாகப் பேசினார். பக்கத்திலிருந்த இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாண்டியம்மா தலையாட்டினார். நாற்காலியை விட்டு அசையவில்லை.

“கேக்க மாட்டேங்கிறாங்க.”

“நல்லாத்தான் சார் பேசினீங்க. எனக்கே பசிச்சிருச்சு.”

ஹசீனா எழுந்து போனார். “ஏங்க்கா, கேன்டீனுக்குப் போற நேரம் பாத்து கூப்பிட்ருவாங்கன்னா?”

“ஆமாத்தா. பேரச் சொல்லிக் கூப்பிடும்போது ஆளில்லாமப் போச்சுன்னா?”

“இந்தா, இவரு உங்க நாற்காலியில இருப்பாரு. கூப்பிட்டா ஓடியாந்து சொல்லுவாரு.”

“இவரு யாரு?”

“உங்க வீட்டுக்காரருக்கு அண்ணன். இப்பருந்து.”

பாண்டியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பேச மாட்டாருல்ல? கூப்பிடுறது காதுல விழாமப் போயிரும்.”

“மாட்டாரு.”

பாண்டியம்மா படியிறங்கினார். வைரவநாதன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

கதவு திறந்தது. வேறு யாரோ பெயர். கால் தானாக இறங்கியது. மறுபடி திறந்தது. வெறும் தள்ளுவண்டி. பக்கத்து ஆள் என்னவோ கேட்டார், இவருக்கு விளங்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தவசிலிங்கம் அட்டெண்டர் யாருங்க?”

சட்டென்று எழுந்தார். “நான்தான். அவன் அண்ணன்.”

“குழாய எடுத்தாச்சு. பொண்டாட்டியத் தேடுறாரு.” நர்ஸ் ஹசீனாவைப் பார்த்துச் சொன்னார், “நீங்க இருக்குற அன்னிக்கு யாரக் கூப்பிட்டாலும் ஆள் இருக்கு மேடம். நான் கத்த வேண்டியதே இல்ல.”

வைரவநாதன் ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கேன்டீனில் பாண்டியம்மா இட்லித் தட்டை அப்படியே போட்டுவிட்டு, சாம்பார்க் கையோடு அவருக்கு முன்னால் மேலே வந்துவிட்டார்.

“கையக் கழுவிட்டு வாங்கக்கா” என்றார் நர்ஸ்.

பாண்டியம்மா உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. வைரவநாதன் அதே நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். மூச்சு நிதானப்பட நேரமாயிற்று. கண் மட்டும் கதவிலேயே இருந்தது.

“மேடம், அவங்க வெளிய வந்தா நான் என்ன சொல்லட்டும்?”

“மிச்ச இட்லியப் போய்ச் சாப்பிடச் சொல்லுங்க சார்” என்றார் ஹசீனா. “அவங்க வர்ற வரைக்கும் நீங்க உக்காந்தே இருங்க.”